டீசல் தீராத வண்டி

கையால் மோட்டார் சைக்கிள் செய்ய ஆசைப்படுகிறவனை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது சுலபமில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்தால் அவனுக்கு ஹெட்லைட் தெரியும். குழாயடியில் எல்லோரும் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, அவன் குழாயின் வளைவைப் பார்த்து சைலன்சருக்கு அளவு எடுத்துக்கொண்டிருப்பான். அத்தை மகள் கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை வந்து இறங்கிய வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருவான். மாப்பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் முழிப்பான். இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன். இப்போது அதைத் தொழில் என்கிறார்கள், அதனால் யாரும் திட்டுவதில்லை.

எங்களுக்கு ஊர் லைட்ஹவுஸ் குப்பம். முன்னால் கடல், பின்னால் பழவேற்காடு ஏரி. நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது, அதில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். நான் அவரோடு கடலுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன நாளெல்லாம் வாந்தி எடுத்தேன். (மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் டாக்டரே சிரிக்கிறார்.) அதனால் என்னைப் பொன்னேரியில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் பழகச் சேர்த்தார்கள். ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி. மனசு மட்டும் சென்னைப் புதுப்பேட்டையில் இருந்தது. லீவு கிடைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடைகளில் நாள் முழுக்க நிற்பேன். அப்படித்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஃபிரேமும் கியர் பாக்ஸும் என் கைக்கு வந்தன.

ரோஸ்லின் மேடத்தைப் பார்த்ததும் அங்கேதான். ஒரு கடை வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒன்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நெளிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ராக்கில் ரேஸ் ஓட்டுகிறவர், சென்னையில் பட்டறை வைத்துக் கேட்பவர்களுக்குக் கேட்ட மாதிரி வண்டி கட்டித் தருகிறவர் என்று கடைக்காரர் என் காதில் சொன்னார். நான் நேராகப் போய், நானும் ஒரு வண்டி செய்திருக்கிறேன், டீசலில் ஓடும், லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் தரும் என்றேன். என்னிடம் அப்போது இருந்தது ஒரு ஃபிரேம், ஒரு கியர் பாக்ஸ், இரண்டு சக்கரம். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பட்டறைக்குத் தகர வேலை தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், உன் வண்டியை நேரில் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். எப்போது வரலாம் என்று கேட்டார். வாய் என்னுடையதுதானே, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டது.

பஸ்ஸில் வரும்போதுதான் இன்ஜின் இல்லாதது உறைத்தது.

அந்த நேரம் பார்த்து நைனாவின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் விரிசல், ஃபைபர் ஒட்டுப் போட இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இன்ஜினைச் சும்மா வைத்திருப்பானேன், பொன்னேரிக்கு எடுத்துக்கொண்டு போய் டீசல் பீச்சுகிற நாஸிலைச் சுத்தம் செய்து வாடா என்று நைனாவே என்னிடம் ஒப்படைத்தார். நான் நாஸிலைச் சுத்தம் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் இன்ஜின் பொன்னேரிக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் பாழாய்க் கிடந்த ஐஸ் கொட்டகைக்குப் போனது. மெக்கானிக் கையில் வேலை அதிகம், படகு தண்ணீரில் இறங்கும் புதன்கிழமைக்குள் தந்துவிடுவார் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு வாரம் நான் சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை. இன்ஜினை ஃபிரேமில் உட்காரவைத்து, செயின் இழுத்து, கியர் பாக்ஸோடு சேர்த்தபோது அது ஓடவே ஓடியது. படபடவென்று அதிர்ந்தது, பல் ஆடியது, ஆனாலும் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த டிசைனர் விடவில்லை. பெரிய ஊர்களில் கட்டும் வண்டிகளில் ஒரு ஒயரோ, ஒரு குழாயோ வெளியே தெரியாது என்று எங்கோ படித்திருந்தேன். எனவே இன்ஜின், டீசல் கேன், குழாய், இன்ஜினை நிறுத்தும் லீவர் எல்லாவற்றையும் மறைத்து, பெட்ரோல் டேங்க் போலத் தோன்றும் ஒரு பெரிய தகர மூடி அடித்தேன். மணல் மூட்டையின் மேல் தகரத்தைப் போட்டு மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தது. காற்று போவதற்கு வலது பக்கம் ஒரு ஓட்டை வேண்டுமே. அதைச் சுறாமீன் வாயாக வெட்டினேன். மேலே படம் வேண்டும். சென்னைப் பையன்கள் மண்டையோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், நமக்கோ பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறை வாசலில் கல்லிலேயே செதுக்கிய முழு எலும்புக்கூடு நிற்கிறது. இரண்டு நாள் அந்த கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்து வரைந்துகொண்டு வந்து மூடியில் தீட்டினேன். மூடியை ஃபிரேமோடு பிணைக்க எட்டு போல்ட். நான்கே போதும். எட்டு இருந்தால் பார்வையாக இருக்கும் என்று எட்டு.

அதுவரை மூடி இல்லாமல்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நைனா கயிறு வாங்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போயிருந்தார். குப்பத்துக்கும் ஏரிக்கும் நடுவே, கோடையில் தண்ணீர் வற்றி, உப்புப் பூத்து, சிமென்ட் போட்ட மாதிரி இறுகிய தரை. அதுதான் என் ட்ராக். ஏரிப் பாலத்தின் மேல் மேடம் வண்டி வரும் சத்தம் கேட்டதும், லீவரைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியை மாட்டி எட்டு போல்ட்டையும் முறுக்கினேன். மேடம் பார்க்கும்போது வண்டி முழுசாக இருக்க வேண்டும் என்ற ஆசை. கொட்டகை வாசலில் மேடம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்தார். அந்தச் சுறா வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஓட்டிக் காட்டு என்றார்.

முதல் சுற்று என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஒன்றரை நிமிடம். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா நிமிர்ந்து பார்த்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முப்பது கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு முந்நூறு என்று நம்பலாம்.

இரண்டாம் சுற்று முடிவில் மேடம் கையைக் காட்டினார், போதும் என்று. நான் கிளட்சைப் பிடித்தேன். கேபிள் அறுந்தது. (சைக்கிள் பிரேக் ஒயர். கறுப்பு உறைக்குள் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.) கியரை நியூட்ரலுக்குத் தள்ளலாம் என்று மிதித்தேன். அழகுக்காக நானே பித்தளையில் மீன் வடிவத்தில் வார்த்த கியர் லீவர், தலை வேறு வால் வேறாக உடைந்து தரையில் விழுந்தது. பிரேக்கை அழுத்தினேன். முறுக்கிக் குறைக்கப் படகு இன்ஜினில் ஆக்ஸிலேட்டர் கிடையாது. அதற்கு ஒரு குணம் உண்டு, சுமை ஏறினால் தானே டீசலைக் கூட்டிக்கொள்ளும். நான் பிரேக் போடப் போட, எதிரே பெரிய அலை வந்துவிட்டது என்று நினைத்து அது இன்னும் மூச்சைப் பிடித்து முக்கியது. பிரேக் கட்டை கருகிய வாசனை வந்ததுதான் மிச்சம்.

இன்ஜினை நிறுத்த ஒரே வழி அந்த லீவர். லீவர் மூடிக்குள். மூடிக்கு எட்டு போல்ட். ஸ்பேனர் கொட்டகையில்.

மூன்றாம் சுற்றில் மேடத்தைக் கடக்கும்போது நான் சிரித்துக்கொண்டே, இன்னும் ஒரு ரவுண்டு மேடம் என்றேன். நான்காம் சுற்றிலும் அதையே சொன்னேன். ஐந்தாவதில் சிரிக்க மட்டும் செய்தேன்.

அதற்குள் பாதிக் குப்பம் கூடிவிட்டது. வேகம் குறைவு என்பதால் ஒவ்வொருவரும் என்னோடு இரண்டு வார்த்தை பேச நேரம் கிடைத்தது. அதுதான் கொடுமை. அஞ்சலை அக்கா ஒவ்வொரு சுற்றுக்கும் கருவாட்டு வலையை ஒரு முழம் இழுத்து ஒதுக்கினார். எட்டாவது சுற்றில் அலுத்துப்போய், ஒரு பக்கமாகப் போகக் கூடாதா, ஏன் இப்படித் திரும்பித் திரும்பி வருகிறாய் என்று கேட்டார். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இன்னாத்துக்குடா சுத்திக்கினே கீற?"

"சும்மாம்மா."

அடுத்த சுற்றுக்கு அவள் அங்கேயே காத்திருந்தாள். "சாப்ட்டு சுத்தலாமில்ல?"

மேடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து, எனக்கு இணையாக, கைக்கெட்டும் தூரத்தில் ஓட்டினார். பத்திரிகைக்குப் பேட்டி எடுப்பவர் போல நிதானமாகக் கேட்டார்.

"நிறுத்துற லீவர் எங்க?"

"மூடிக்கு உள்ள மேடம்."

"டீசல் குழாய்?"

"அதுவும் உள்ளதான்."

"மூடிய எப்படிக் கழட்டுறது?"

"எட்டு போல்ட்."

"எதுக்கு எட்டு?"

மேடம் அடுத்து, டீசல் எவ்வளவு ஊற்றியிருக்கிறாய் என்று கேட்டார். ஐந்து லிட்டர் என்றேன். லிட்டருக்கு எண்பது என்று சொன்னாயே என்றார். அவர் மனதில் ஓடிய கணக்கு என் மனதிலும் ஓடியது: இருட்டிய பிறகும் நான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த திருப்பத்தில், கையில் புதுக் கயிற்றுச் சுருளோடு நைனா நிற்பதைப் பார்த்தேன்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் அந்த இன்ஜினின் மேல் உட்கார்ந்து கடலுக்குப் போன மனிதர். அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"இன்ஜின் பொன்னேரியில கீதுன்னு சொன்ன?"

வண்டி என்னைக் கடத்திக்கொண்டு போய்விட்டது. பொய்யை ஒப்புக்கொள்ளும் முன் யோசிக்க ஒன்றரை நிமிடம் கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. நான் அந்த நேரத்தில் இரண்டு புதுப் பொய்கள் தயார் செய்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் கைவிட்டேன்.

"இதான் நைனா அது."

மேடம் மறுபடி பக்கத்தில் வந்தார். தண்ணீர் ஓரத்தைக் காட்டினார். அங்கே தரை இறுகியிருக்காது, முழங்கால் சேறு. அதில் இறக்கிவிடு, சக்கரம் புதைந்து நின்றுவிடும், நீயும் பிழைப்பாய் என்றார். நல்ல யோசனைதான். நானே ஆறாவது சுற்றிலிருந்து அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வண்டி கவிழ்ந்தால் சுறா வாய் வழியாக உப்புச் சேறு உள்ளே போகும். உப்புத் தண்ணீரைக் குடித்த இன்ஜின் பிறகு யாருக்கும் உதவாது. புதன்கிழமை படகு இறங்க வேண்டும். படகு இறங்காவிட்டால் எங்கள் வீட்டில் உலை இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கணக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

"முடியாது மேடம். இது நைனா இன்ஜின்."

"அவருக்குத் தெரியுமா?"

"இப்போ தெரிஞ்சிடுச்சு."

மேடம் என்னை வெகு நேரம் பார்த்தார். ரேஸ் ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்காமல் ஓட்டியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்புறம், சரி, சேறு வேண்டாம், சுற்று, நான் ஏதாவது யோசிக்கிறேன் என்றார். ஸ்பார்க் பிளக் இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிடலாம், இதில் அதுவும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நைனா அதற்குள் யோசித்து முடித்திருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அஞ்சலை அக்காவின் மீன் கழுவும் வாளியில் முக்கினார். (அந்த வாசனை பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.) வேட்டியை மடித்துக் கட்டினார். நான் வரும்போது பக்கத்தில் நாலு எட்டு ஓடி, என் தோளைப் பிடித்து, அலையில் நகரும் படகில் தாவி ஏறுவாரே, அதே மாதிரி பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி ஆடக்கூட இல்லை. அவ்வளவு வருடப் பழக்கம்.

நான் அடியை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழவில்லை. முதுகில் அவர் மூச்சு பட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு காதருகே கேட்டார்.

"எத்தினியாவது கியர்ல கீது?"

"மூணு நைனா."

"ம். ஷோக்கா இழுக்குது."

சுறா வாய் அவர் வலது முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஈரத் துண்டு கையில் தயாராக இருந்தது. அவர் அதைச் சொருகவில்லை. அம்மா நின்ற இடம் வந்தது, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி எங்களையே பார்த்தாள். நைனா அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கயிறு வாங்கப் போன மனிதன் மகனோடு வண்டியில் போவது தினமும் நடக்கிற காரியம் என்பது போல. வலை பின்னுகிறவர்களைக் கடந்தோம். அங்கே யாரோ விசில் அடித்தார்கள். ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. அவர் கை என் தோளில் இருந்தது, பிடித்துக்கொள்ள அல்ல, சும்மா.

"நிறுத்தட்டுமா நைனா?" என்று கேட்டேன், என்னவோ என்னால் முடியும் என்பது போல.

"இன்னொரு சுத்து போ," என்றார்.

போனோம். அந்தச் சுற்றின் முடிவில் துண்டைச் சுறா வாய்க்குள் திணித்து உள்ளங்கையால் அழுத்தினார். காற்றுக் கிடைக்காமல் இன்ஜின் இரண்டு முறை விக்கியது, கரும்புகையாக ஒரு இருமல் இருமியது, நின்றது. நின்ற வேகத்தில் பின் சக்கரம் இறுகி, நாங்கள் இருவரும் அலங்காரமாக அஞ்சலை அக்காவின் நெத்திலிக் கருவாட்டின் மேல் விழுந்தோம். பத்துப் பன்னிரண்டு சுற்றாக அவர் பாடுபட்டு ஒதுக்கிக் காப்பாற்றிய கருவாடு. அக்கா உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். இரண்டு நாள் அவரிடம்தான் வேலை செய்தேன்.

நைனா முதலில் இன்ஜினிடம் போனார். கையை அருகில் வைத்துச் சூடு பார்த்தார். கீழே குனிந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். தலைமுடியில் ஒரு நெத்திலி ஒட்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா நைனா?"

அவர் நியாயமாக யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன்தான்," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

மேடம் கொட்டகையிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து தானே உட்கார்ந்து எட்டு போல்ட்டையும் கழற்றினார். மூடியைக் கவிழ்த்து உள்பக்கம் பார்த்தார், வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார், வெயிலில் பிடித்து வளைவைப் பார்த்தார். எந்த மெஷினில் அடித்தது என்று கேட்டார். மணல் மூட்டை என்றேன். எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. புதன்கிழமை இன்ஜின் படகில் ஏறட்டும், வியாழக்கிழமை பட்டறைக்கு வா, தகரம் அடிக்கலாம், ஆனால் நான் சொல்லும்வரை நீ எந்த இன்ஜினையும் தொடக் கூடாது என்றார். அவர் சொல்ல மூன்று வருடம் ஆனது. மூன்று வருடமும் டேங்க் மட்டுமே அடித்தேன். இன்றைக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் அந்த டேங்குக்காகத்தான் வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நானும் நைனாவும் சேர்ந்து இன்ஜினைப் படகில் பொருத்தினோம். புதன்கிழமை என்னையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அது தண்டனையா என்று எனக்குத் தெரியாது. வழக்கம்போல வாந்தி எடுத்தேன். முன்பைவிட நன்றாக இழுக்கிறது, நாஸிலை ஒழுங்காகத்தான் சுத்தம் செய்திருக்கிறான் என்று கூட வந்தவரிடம் நைனா சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அம்மாவுக்குத்தான் அந்த நாள் ஆறவே இல்லை. வீட்டுக்கு மிக்சி வாங்கப் போனபோது, கடைக்காரர் எத்தனை ஜார், எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொண்டே போக, அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நிக்குமாப்பா இது?" என்றாள். கடைக்காரருக்குப் புரியவில்லை. ஃபேன், மோட்டார், கிரைண்டர் எது வாங்கினாலும் முதல் கேள்வி அதுதான். நிறுத்திக் காட்டினால்தான் பணத்தை எடுப்பாள்.

எனக்குப் பெண் பார்க்கப் பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவு என்ற ஊருக்குப் போனோம். பெண்ணின் அப்பா மரியாதையாக, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வடிவமைப்பு, தனித்துவம் என்றெல்லாம் ஆரம்பிக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள்.

"வண்டி செய்றான். பயப்படாதீங்க, இப்பல்லாம் நிக்கிற வண்டிதான் செய்றான்."

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும், பட்டறையில் புது வண்டி கட்டி முடித்த அன்று வீட்டுக்கு வந்தால், எப்படி வந்திருக்கிறது, என்ன நிறம் என்று அன்று சிரித்தவள் கேட்பதில்லை. தட்டை வைத்துவிட்டு, "நின்னுச்சா?" என்றுதான் கேட்கிறாள்.